கையால் திருப்ப வேண்டியவை

இந்த வருடம் மூன்று வாரம் முந்திக்கொண்டு வருகிறது
கோடை நேரம்.
வெளியே விஸ்கான்சின் பனி முழங்கால் வரை.
வாஷிங்டனில் கையெழுத்தாகி ஒன்றரை வருடமாயிற்று.
எங்கள் பாலாடைக்கட்டி ஆலை விழித்துக்கொண்டது
பிப்ரவரி இரண்டாம் வாரத்தில்.

எத்தனை கடிகாரம் இருக்கிறது நம்மிடம், என்றார் லைல் ஹின்ட்ஸ்.
ஏழெட்டு, என்றேன்.
எண்ணப் போனேன்.
எடைமேடைக்குள் ஒன்று, கதவுப் பூட்டுக்குள் ஒன்று,
தொலைநகல் எந்திரத்துக்குள்,
கொதிகலனின் வயிற்றுக்குள்,
உறைகிடங்கின் அலாரத்துக்குள் இரண்டு,
இரண்டுக்கும் ஆறு நிமிடம் பகை.
நாற்பத்தொன்றில் பென்சில் முனை உடைந்தது.

எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொன்னார்கள்:
மாடுகளுக்கு யார் தகவல் அனுப்புவது?
பதினான்காவது முறையும் சிரித்துவைத்தேன்.

முப்பத்தாறுக்குத் திருத்தம் வந்துவிட்டது,
இறக்கி, நிறுவி, அணைத்து, எழுப்பினேன்.
சம்பளக் கணக்கு மட்டும் முரண்டு பிடித்தது.
உள்ளே போய்ப் பார்த்தால்
'ஏப்ரல் முதல் ஞாயிறு. இது மாறாது'
என்று எவனோ குறிப்பு எழுதி வைத்திருக்கிறான்.
திட்டிக்கொண்டே கீழே இறங்கினேன்.
ஆண்டு தொண்ணூற்றெட்டு.
முதலெழுத்துகள் என்னுடையவை.

பால் காய்ச்சும் தொட்டியின் பதிவுக்கருவிக்கோ
திருத்தமே கிடையாது.
செய்த நிறுவனத்தின் எண்ணை அழைத்தால்
கம்பளக் கடைக்காரி எடுக்கிறாள்.
அன்பானவள். இந்த வாரம் நீங்கள் மூன்றாவது ஆள், என்றாள்.
அதன் நெற்றியில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினேன்:
இதைத் தொடாதே. நானே வருவேன்.

மார்ச் பத்து, சனி இரவு, வந்தேன்.
ராத்திரி ஷிப்டில் பா ஹூவா ஷ்யோங்,
தலையில் வலை, காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ்.
ஒன்று நாற்பதுக்குத் தொட்டி சூட்டைத் தொட்டது.
அரை மணி நேரம் அந்தச் சூடு குறையக் கூடாது,
அதுதான் சட்டம், அதுதான் பால்.
நாங்கள் இருவரும் முள்ளைப் பார்த்தபடி நின்றோம்
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல.

1:59:58.
1:59:59.
விசையை அழுத்தினேன்.
3:00:00.
சத்தம் எதுவும் இல்லை.
தாளில் மட்டும் மைக்கோடு
ஒரு மணி அகலத்தைத் தாண்டிக் குதித்து
அந்தப் பக்கம் ஒன்றுமே நடக்காதது போல
நேராகப் போயிற்று.

பத்து நிமிடம் கழித்துத் தொட்டியை இறக்கினாள்.
தாள் சொல்கிறது: 1:40 முதல் 3:10 வரை.
தொண்ணூறு நிமிடம் கொதித்த பால்.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்,
'உண்மையில் முப்பது நிமிடம்'.
அவளும் கையெழுத்திட்டாள்.
நாற்பத்தொரு எந்திரத்தையும் நம்பியவன்
கடைசியில் இரண்டு பேர் சாட்சிக்கு வந்து நின்றேன்.

சிற்றுண்டி அறையில் காபி.
சுவரில் மணி இரண்டே கால்.
இது உன் பட்டியலில் இருக்கிறதா, என்றாள்.
இல்லை.
நாற்காலி மேல் ஏறி, ஈரக் கையால்
பெரிய முள்ளை ஒரு சுற்று தள்ளிவிட்டு இறங்கினாள்.

பிறகு கேட்டாள்,
பத்துக்கு வந்தேன், ஆறுக்குப் போவேன்,
எத்தனை மணி போடுவாய்?
ஏழு, என்றேன்.
நவம்பரில் திரும்பி வரும்,
அன்றைக்கு ஒன்பது நின்றால் ஒன்பதும் கிடைக்கும்.
தலையாட்டினாள்.
சம்பளச் சீட்டின் பின்னால் 'நவம்பர்' என்று எழுதி
லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டியதைப் பின்னொரு நாள் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஒரே ஒரு கோளாறு.
லைலின் கைபேசியை இரண்டு முறை திருத்திவிட்டேன்.
யாருமில்லாத கூட்ட அறையில்
ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.
நன்றாகத்தான் இருந்தது, என்றார்.

ஆகஸ்டில் பா ஹூவா பகல் ஷிப்டுக்கு மாறினாள்.
நவம்பர் நான்காம் தேதி
ஒன்று முதல் இரண்டு வரை இரண்டு முறை வந்த இரவில்
டெரில் என்றொரு புதுப் பையன் நின்றான்.
ஒன்பதாவது மணி அவன் கணக்கில் ஏறியது.
நிரல் சரியாகத்தான் போட்டது, ஒரு காசு பிசகில்லை.
நான் மூன்று முறை சரிபார்த்தேன்.
லாக்கர் வரிசைப் பக்கம் அந்த வாரம் போகவில்லை.